கணினிக்கு மொழி கற்பித்த அம்மையார்: கிறேஸ் ஹொப்பர்

எமது கல்லூரியின் நூற்றாண்டு மலரில் அதிபர்கள், ஆசிரியைகள், மூத்த மாணவிகள் பலரின் வாழ்க்கைக் குறிப்புகள் இடம்பெறுகின்றன. அவற்றினிடையே எமது கல்லூரி வாசலை ஒருநாளும் மிதித்திராத ஓர் அமெரிக்கப் பெண்மணியின் வாழ்வையும் சேர்த்திருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு.

இன்று எமது மாணவிகள் உயர்தரத்தில் இணைந்த கணிதத்தையும் பௌதிகவியலையும் தமிழில் கற்றுப் பேராதனை, மொறட்டுவை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களின் பொறியியற் பீடங்களுக்குச் செல்கிறார்கள். பாலம் கட்டப்போகிறவரும் மின்நிலையத்தில் பணிபுரியப்போகிறவரும் அங்கே கணினிப் பாடத்தைக் கடந்துதான் போகவேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். பிற், பைற், துவித எண் என்று தொடங்கி அசெம்பிளி மொழியில் நிரல் எழுதுவது வரை ஏறவேண்டிய ஏணி அது. முதற் படியிலேயே மனம் தளர்ந்துபோகும் பிள்ளைகள் உண்டு. இது ஆண்பிள்ளைகளுக்கு உரியது, ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உரியது, எமக்குரியது அல்ல என்ற எண்ணம் மெல்ல வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஒரு பெண்ணின் காலடி பதிந்திருக்கிறது. எமது கல்லூரியின் முதல் மாணவிகள் சிலேற்றும் கையுமாக வந்து அமர்ந்த காலத்தில் அவரும் ஒரு மகளிர் கல்லூரி மாணவியாக இருந்தார். அவருடைய வாழ்வைச் சொன்னால் அந்தப் பாடத்தையும் பாதி சொன்னதாகும் என்றே இதை எழுதுகிறோம்.

மணிக்கூடுகளைக் கழற்றிய சிறுமி

கிறேஸ் புறூஸ்ரர் மறே 1906ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் திகதி நியூயோர்க் நகரில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் மூத்தவர். தந்தையார் காப்புறுதித் துறையில் பணியாற்றியவர். தாயார் கணிதத்தில் பெருவிருப்பம் கொண்டவர். ஆனால் அவர் வளர்ந்த காலத்தில் பெண்பிள்ளைக்குக் கணிதம் எதற்கு என்று கேட்டார்கள். தனி அனுமதி பெற்றுக் கேத்திரகணிதத்தை மட்டும் கற்க முடிந்தது. அந்த ஆசை மகளிடம் நிறைவேறியது.

ஏழு வயதில் கிறேஸ் வீட்டிலிருந்த எலார்ம் மணிக்கூடு ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கக் கழற்றினார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. எப்படிப் பூட்டுவது என்று பார்க்க அடுத்த மணிக்கூட்டைக் கழற்றினார். இப்படி ஏழு மணிக்கூடுகள் பிரிந்து கிடந்ததைத் தாயார் கண்டார். அவர் மகளை அடிக்கவில்லை. இனி ஒரு மணிக்கூட்டோடு நிறுத்திக்கொள்ளும்படி மட்டும் சொன்னார். உள்ளே இருப்பதைப் பார்க்காமல் ஒன்றையும் நம்பக்கூடாது என்ற குணம் அந்தப் பிள்ளையிடம் கடைசிவரை இருந்தது.

தந்தையார் நோயினால் இரு கால்களையும் இழந்தவர். மரக்கால்களும் கைத்தடிகளுமாக நடந்து திரிந்தார். தாம் பிள்ளைகளுக்குச் சொத்து விட்டுச்செல்ல முடியாமற் போகலாம், ஆகவே பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளையைப் போலவே படித்துத் தம் காலில் நிற்கவேண்டும் என்பது அவருடைய உறுதி.

வாசார் மகளிர் கல்லூரிக்கு முதல்முறை விண்ணப்பித்தபோது கிறேஸுக்கு இடம் கிடைக்கவில்லை. இலத்தீன் மொழியில் புள்ளி போதாது. ஓராண்டு மேலும் படித்து 1924இல் சேர்ந்தார். 1928இல் கணிதத்திலும் பௌதிகவியலிலும் சிறப்பாகச் சித்தியடைந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930இல் முதுமாணிப் பட்டமும் 1934இல் கணிதக் கலாநிதிப் பட்டமும் பெற்றார். 1930இல் வின்சன்ற் ஹொப்பர் என்பவரை மணந்து கிறேஸ் ஹொப்பர் ஆனார்.

1931 முதல் தாம் படித்த வாசார் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்தார். அவருடைய வகுப்பில் ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. கணித மாணவிகள் கட்டுரை எழுதவேண்டும். அதில் மொழிப்பிழைகளையும் அவர் திருத்துவார். கணித வகுப்பில் கட்டுரை எதற்கு என்று மாணவிகள் முறையிட்டார்கள். பிறருக்கு விளங்கும்படி எழுதிக்காட்ட முடியாத கணிதத்தால் பயனில்லை என்பது ஆசிரியையின் பதில். பின்னாளில் அவர் கணினியுலகத்துக்குச் சொன்னதும் இதே பாடந்தான்.

கடற்படைச் சீருடை

1941 டிசெம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்கியது. ஹொப்பரின் பூட்டனார் கடற்படையில் றியர் அட்மிரலாக இருந்தவர். தாமும் கடற்படையிற் சேர விரும்பினார். முதலில் ஏற்கவில்லை. வயது கூடிவிட்டது, உடல் நிறை போதாது, அதற்குமேல் கணிதப் பேராசிரியைகள் நாட்டுக்குக் கல்லூரியிலேயே தேவை என்று காரணங்கள் சொல்லப்பட்டன. விடாமல் முயன்று விதிவிலக்குப் பெற்று 1943 டிசெம்பரில் மகளிர் சேமப்படையிற் சேர்ந்தார். முப்பத்தேழு வயதில், தம் மாணவிகளின் வயதிலிருந்த பெண்களுடன் வரிசையில் நின்று பயிற்சி பெற்று, வகுப்பில் முதலாவதாகத் தேறினார்.

1944 யூலை 2ஆம் திகதி அவரை ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கட்டளை அதிகாரி ஹவாட் எய்க்கன், மார்க் வண் என்ற பெருங்கணிப்பொறியைக் காட்டினார். ஐபிஎம் நிறுவனம் கட்டிக்கொடுத்த பொறி அது. 51 அடி நீளம், 8 அடி உயரம், ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்புகள். ஓடும்போது கூடம் முழுவதும் சடசடக்கும். கூட்டல் ஒன்றுக்கு ஒரு செக்கனின் மூன்றிலொரு பங்கு, பெருக்கல் ஒன்றுக்கு ஏறக்குறைய ஆறு செக்கன் எடுத்தது. இன்று எமது கையிலுள்ள தொலைபேசியோடு ஒப்பிட்டால் நத்தை. அன்று உலக அதிசயம்.

வந்த அன்றே ஹொப்பருக்கு ஒரு கணக்கும் சில நாள் தவணையும் கொடுக்கப்பட்டன. நிரலாக்கம் என்ற சொல்லே வழக்கில் இல்லாத காலம். முன்னரே அங்கிருந்த இரண்டு இளைஞர்கள் உதவினார்கள். அவர் அந்தப் பொறியின் மூன்றாவது நிரலாளர் ஆனார்.

துளை உண்டு, துளை இல்லை

இங்கேதான் பொறியியல் மாணவியின் முதற் பாடம் தொடங்குகிறது. மார்க் வண் பொறிக்குக் கட்டளைகள் கடதாசி நாடாவில் துளையிட்டுக் கொடுக்கப்பட்டன. ஒரு வரிசையில் 24 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் துளை இருக்கலாம், அல்லது இல்லாமல் இருக்கலாம். மூன்றாவது நிலை கிடையாது. இந்த உண்டு, இல்லை என்ற மிகச் சிறிய செய்தியைத்தான் பிற் என்கிறோம். துளையை 1 என்றும் துளையின்மையை 0 என்றும் எழுதினால் துவித எண் வந்துவிடும். ஓர் இடத்தில் இரண்டு வகை, இரண்டு இடங்களில் நான்கு வகை, மூன்றில் எட்டு, எட்டு இடங்களில் 256 வகை. ஒவ்வோர் இடம் கூடும்போதும் வகை இரட்டிக்கும். வேறொரு மாயமும் இல்லை.

அந்த 24 இடங்களும் எட்டெட்டாக மூன்று கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. முதற் கூட்டம் எண்ணை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும். இரண்டாவது எங்கே கொண்டுசேர்ப்பது என்று சொல்லும். மூன்றாவது என்ன செய்வது என்று சொல்லும். எண்கள் தங்கியிருக்க 72 இடங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 23 இலக்கங்களைத் தாங்கும். இன்று பாடநூலில் பதிவகம் என்று படிப்பது இத்தகைய இடத்தைத்தான்.

தமிழில் சிந்திப்பவர்கள் இந்த ஒழுங்கைச் சற்றே நின்று பார்க்கலாம். எங்கிருந்து, எங்கே, என்ன செய் என்று வினை கடைசியில் வருகிறது. கிணற்றிலிருந்து தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்று என்று நாம் சொல்லும் வாக்கியத்தின் நடை அது. ஆங்கிலேயர் ஏவும்போது வினையை முதலிற் சொல்வார்கள். அமெரிக்காவிலே கட்டிய அந்தப் பொறியின் கட்டளையோ எமது வாக்கியத்தைப் போல் நடந்தது. பொறிக்கு எந்த மொழியும் தாய்மொழி அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மார்க் வண் இரவுபகலாக ஓடியது. அது போர்க்கால வேலை. 1944 ஓகஸ்ற்றில் ஜோன் வொன் நொய்மன் என்ற கணித மேதை ஒரு கணக்குடன் வந்தார். அது எதற்கென்று அங்கிருந்தோருக்குச் சொல்லப்படவில்லை. அணுகுண்டு ஆராய்ச்சிக்கானது என்பது பின்னரே தெரிந்தது. போரைப் பட்டு அறிந்த நாம் இந்த வரியை விட்டுவிட்டு அவருடைய வாழ்வை எழுத முடியாது. பொறி தன்னிடம் வரும் எண் எதற்கென்று கேட்பதில்லை. கேட்கவேண்டியவர்கள் மனிதர்கள்.

பொறியை எவ்வாறு இயக்குவது என்று விளக்கும் கைந்நூலை எழுதும் பொறுப்பும் ஹொப்பரிடமே வந்தது. 1946இல் வெளிவந்த அந்த நூல் 561 பக்கங்கள் கொண்டது. கட்டுரை எழுதவைத்த கணித ஆசிரியைக்குப் பொருத்தமான வேலை.

கொப்பியிலே சேர்ந்த துணைநிரல்கள்

நாள்தோறும் நிரல் எழுதியபோது ஒன்று தெரிந்தது. சைன் பெறுமானம் காண்பது, வர்க்கமூலம் காண்பது போன்ற வேலைகள் எல்லாக் கணக்கிலும் திரும்பத் திரும்ப வந்தன. சரியாக வேலைசெய்த கட்டளைத் தொகுதிகளை ஹொப்பரும் தோழர்களும் கொப்பிகளில் எழுதிவைத்தார்கள். தேவைப்படும்போது ஒருவர் கொப்பியிலிருந்து மற்றவர் பார்த்து எழுதிக்கொள்வார். துணைநிரல் என்று இன்று படிப்பதன் தொடக்கங்களில் இதுவும் ஒன்று. ஆனால் பார்த்து எழுதும்போது பிழை வந்தது. புதிய நிரலில் அந்தக் கட்டளைகள் வேறிடத்தில் அமர்வதால் முகவரி எண்களைக் கூட்டி மாற்றவேண்டும். அந்தக் கூட்டலிலும் பிழை வந்தது. கணிதம் கற்ற பெரியவர்களுக்கும் பார்த்து எழுதவும் கூட்டவும் வராது என்று அவர் கண்டுகொண்டார். இந்தச் சிறு கண்டுபிடிப்பு பின்னால் பெரிய பலன் தந்தது.

அடுத்த பொறியான மார்க் டூவைச் சோதித்துக்கொண்டிருந்தபோது நடந்த ஒரு சம்பவம் எல்லோருக்கும் தெரிந்தது. 1947 செப்ரெம்பர் 9ஆம் திகதி பொறி நின்றுவிட்டது. தேடிப் பார்த்தபோது 70ஆம் இலக்க றிலே ஒன்றினுள் அந்துப்பூச்சி அகப்பட்டுச் செத்துக் கிடந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, உண்மையான பூச்சி இதோ அகப்பட்டது என்ற பொருளில் வேடிக்கையாக எழுதிவைத்தார்கள். பொறிகளின் கோளாறைப் பூச்சி என்று குறிப்பது அதற்கு முன்னரே வழக்கில் இருந்ததால்தான் அது வேடிக்கையாயிற்று. பூச்சியைப் பிடித்தவர் ஹொப்பர் அல்லர். ஆனால் அவர் அதை வாழ்நாள் முழுவதும் சுவையாகச் சொல்லித் திரிந்ததால் கதை அவருடையதாகிவிட்டது. அந்தக் குறிப்பேடு இன்று வாஷிங்ரன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இந்த ஆண்டுகள் அவருக்கு எளிதாக இருக்கவில்லை. 1945இல் மணவாழ்வு முறிந்தது. பிள்ளைகள் இல்லை. 1949இல் ஹாவார்டில் ஒப்பந்தமும் முடிந்தது. பெண்ணொருவருக்கு அங்கே நிரந்தரப் பதவி கிடைக்கும் காலமாக அது இருக்கவில்லை. அந்தத் தனிமையில் மதுப்பழக்கமும் அவரை வாட்டியதாக அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். சாதனைப் பட்டியல்களில் இது இராது. நாற்பத்து மூன்றாவது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் அந்த நிலையிலிருந்து மறுபடி தொடங்கினார் என்பதே எமக்கு அவருடைய பட்டங்களிலும் பெரிதாகத் தெரிகிறது.

எட்டில் எண்ணியவர்

1949இல் பிலடெல்பியாவில் எக்கேட், மோக்லி என்ற இருவர் நடத்திய கணினி நிறுவனத்தில் சேர்ந்தார். அவர்களுடைய பைனாக் என்ற பொறிக்கு எண்ம எண்களில், அதாவது எட்டை அடியாகக் கொண்ட எண்களில், கட்டளை எழுதவேண்டும். எட்டு ஏன்? மூன்று பிற்களைச் சேர்த்தால் எட்டு வகை கிடைக்கும் என்று முன்னர் பார்த்தோம். ஆகவே நீண்ட துவித எண்ணை மும்மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தையும் 0 முதல் 7 வரையிலான ஓர் இலக்கமாக எழுதலாம். 101110000101 என்பதை 101, 110, 000, 101 என்று பிரித்தால் 5605 ஆகிவிடும். கண்ணுக்கும் நினைவுக்கும் எளிது. இன்று நான்கு நான்காகப் பிரிக்கும் பதினறும எண்முறை வழக்கில் உள்ளது, கருத்து ஒன்றே.

எண்மத்தில் 7க்கு அடுத்தது 10. அம்மையார் அதிலேயே கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் பழகிவிட்டார். அதனால் ஒரு வேடிக்கை நேர்ந்தது. அவருடைய வங்கிக் கணக்கு மாதக்கணக்கில் பொருந்தவில்லை. வங்கித்துறையில் இருந்த தம்பியார் கொப்பியை வாங்கி இரவிரவாகப் பார்த்தபோதுதான் தமக்கையார் இடையிடையே எண்மத்தில் கழித்திருப்பது தெரிந்தது. 100இலிருந்து 35ஐக் கழித்தால் எமக்கு 65. எண்மத்தில் கழித்தால் 43.

எல்லோரும் சிரிக்கும் இந்தக் கதையிலிருந்து ஹொப்பர் ஒரு முடிவுக்கு வந்தார். மனிதர் பொறிக்காகத் தம் பழக்கத்தை மாற்றிக்கொண்டு திரிவது முறையல்ல. பொறி மனிதரை நோக்கி வரவேண்டும்.

எழுத்தொன்று கட்டளையாதல்

அந்நிறுவனத்தின் அடுத்த பொறி யூனிவாக். அதன் நினைவகத்தில் ஆயிரம் அறைகள், 000 முதல் 999 வரை முகவரிகள். அங்கே ஹொப்பரோடு பணிபுரிந்த பெற்றி ஹொல்பேர்ற்றன், எனியாக் பொறியின் முதல் நிரலாளர்களான ஆறு பெண்களில் ஒருவர். யூனிவாக்குக்குக் கட்டளைகளை எண்ணாக எழுதாமல் எழுத்தாக எழுதும் ஏற்பாட்டை அமைத்தவர் அவர். ஆங்கிலத்தில் கூட்டு என்பதன் முதலெழுத்து ஏ. கொண்டுவா என்பதன் முதலெழுத்து பி. விடையை அறையில் வைக்க சி.

ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். முதல் வரி பி 100. இரண்டாம் வரி ஏ 101. மூன்றாம் வரி சி 102. நூறாம் அறையில் உள்ளதை எடுத்துக் கணிக்கும் பதிவகத்துக்குக் கொண்டுவா. நூற்றோராம் அறையில் உள்ளதை அதனுடன் கூட்டு. வந்த விடையை நூற்றிரண்டாம் அறையில் வை என்பது பொருள். அசெம்பிளி மொழியின் உயிர் இவ்வளவே. ஒரு வரிக்கு ஒரு சிறு வேலை. ஒரு குறிச்சொல், ஒரு முகவரி. பொறியின் வகை மாறினால் குறிச்சொல் மாறும், பதிவகங்களின் எண்ணிக்கை மாறும். எடு, கணி, வை என்ற ஒழுங்கு மாறாது. ஒருநாள் ஒரு கடதாசியில் அறைகளை வரைந்து, ஒவ்வொரு வரியின் பின்னும் எந்த அறையில் என்ன இருக்கிறது என்று பென்சிலால் எழுதிப் பார்த்தவருக்கு இது ஒருபோதும் மறக்காது.

பொறியே எழுதிய நிரல்

ஹாவார்ட் கொப்பிகளின் நினைவு ஹொப்பரை விடவில்லை. மனிதருக்குப் பார்த்து எழுதவும் கூட்டவும் வராது; பொறிக்கோ அவை இரண்டும் நன்றாக வரும். அப்படியானால் துணைநிரல்களைத் தேடியெடுத்து, முகவரிகளைத் திருத்தி, ஒன்றாக இணைக்கும் வேலையைப் பொறியிடமே விட்டாலென்ன? ஒவ்வொரு துணைநிரலுக்கும் ஓர் அழைப்பெண் கொடுத்து அவற்றை நாடாவில் சேர்த்தார். நிரலாளர் அழைப்பெண்களை வரிசையாக எழுதிக் கொடுத்தாற் போதும். முழு நிரலைப் பொறி எழுதிக்கொள்ளும். ஏ சீரோ எனப் பெயரிட்ட இந்த ஏற்பாட்டை 1952இல் வெளியிட்டார். தொகுப்பது என்ற பொருளில் அதைக் கொம்பைலர் என்றழைத்தார்.

அதிலே ஒரு சிக்கல் இருந்தது. நிரலின் நடுவே, இன்னும் எழுதப்படாத பின்பகுதிக்குத் தாவு என்று கட்டளையிடவேண்டி வரும். பின்பகுதி எந்த முகவரியில் அமரும் என்று அப்போது தெரியாது. இதைத் தீர்க்க அவருக்குக் கல்லூரி நாளில் ஆடிய கூடைப்பந்தாட்டம் உதவியது. பந்தோடு ஓட முடியாத ஆட்டக்காரி என்ன செய்வார் என்பது எமது வலைப்பந்தாட்ட வீராங்கனைகளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பந்தைத் தோழியிடம் கொடுத்துவிட்டு முன்னே ஓடி நல்ல இடத்தில் நின்று திரும்ப வாங்கிக்கொள்வார். ஹொப்பரும் நினைவகத்தின் கடைசியில் ஒரு மூலையை ஒதுக்கினார். இப்போதைக்கு அந்த மூலைக்குத் தாவு என்று எழுதிவைத்தார். பின்பகுதி வந்து அமர்ந்ததும், அதன் உண்மை முகவரிக்குத் தாவு என்று அந்த மூலையில் எழுதினார். அசெம்பிளி படிக்கும் மாணவிகள் முன்நோக்கிய முகவரி என்ற பகுதிக்கு வரும்போது இந்த வலைப்பந்தாட்டத்தை நினைத்துக்கொள்ளலாம்.

வேலைசெய்யும் கொம்பைலர் கையிலிருந்தும் நெடுநாள் அதை எவரும் தொட விரும்பவில்லை. கணினி கணக்குத்தான் செய்யும், நிரல் எழுதாது என்றே பலரும் உறுதியாக நம்பினார்கள். அவர் ஊரூராகச் சென்று விளக்கினார்.

பிரெஞ்சும் ஜேர்மனும்

சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் பார்க்கும் அலுவலர்கள் கணிதக் குறியீடுகளைக் கண்டால் ஒதுங்குவார்கள். அவர்களுக்காக, சாதாரண ஆங்கிலச் சொற்களில் எழுதிய கட்டளைகளைப் பொறிமொழியாக மாற்றும் கொம்பைலர் ஒன்றைச் செய்ய 1955இல் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டார். வேலை நடக்கும் என்று காட்டச் சிறிய நிரல் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி ஓடவிட்டார். அதோடு நில்லாமல் அதே நிரலைப் பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் எழுதி ஓடவிட்டார்.

இதைக் கண்டு நிர்வாகத்தினர் திகைத்துப்போனார்கள். பிலடெல்பியாவில் கட்டிய அமெரிக்கப் பொறிக்குப் பிரெஞ்சும் ஜேர்மனும் எப்படி விளங்கும் என்று ஐயுற்றார்கள். ஆங்கிலத்தில் மட்டுமே செய்வோம் என்று உறுதிகூறிப் பல மாதங்கள் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. அவருக்கோ அது மிக எளிய உண்மை. ஆங்கிலச் சொல்லானாலும் பிரெஞ்சுச் சொல்லானாலும் பொறிக்குள்ளே போகும்போது அது பிற்களின் வரிசைதான். எந்த வரிசை வந்தால் எந்தக் கட்டளையை எழுதுவது என்ற அட்டவணைதான் வேண்டும்.

மேலே எண்மத்துக்கு உதாரணமாகக் காட்டிய 101110000101 என்ற வரிசையை நாம் காரணத்தோடுதான் எடுத்தோம். அது தசமத்தில் 2949. இன்று உலகக் கணினிகள் யாவும் பின்பற்றும் யூனிகோட் அட்டவணையில் அந்த எண் எமது அகரத்துக்கு உரியது. ஆங்கிலத்தின் முதற் பெரிய எழுத்துக்கு 65. பொறியின் முன் இரண்டும் இரண்டு எண்கள். ஒன்றுக்கு மற்றது உயர்வில்லை. அகரமுதல எழுதப் பழகிய பிள்ளைக்குக் கணினி அந்நியம் என்று எவராவது சொன்னால், அந்த நிர்வாகத்தினரின் திகைப்பை நினைத்துப் புன்னகைக்கலாம்.

அந்தக் கொம்பைலர் புளோமற்றிக் என்ற பெயரில் வெளிவந்தது. 1959இல் அரசும் நிறுவனங்களும் கூடி எல்லாப் பொறிகளுக்கும் பொதுவான வணிக மொழியொன்றை வகுத்தபோது அதுவே முக்கிய அடிப்படையாயிற்று. அவ்வாறு பிறந்த கோபோல் மொழியின் தாய் என்று ஹொப்பரைச் சொல்வதுண்டு. உண்மையில் அது குழுவொன்றின் வேலை; ஜீன் சாமற் முதலிய வேறு பெண்களும் அதில் உழைத்தார்கள். ஹொப்பர் ஆலோசகராக இருந்தார். வங்கிகளிலும் அரச அலுவலகங்களிலும் அம்மொழி பல பத்தாண்டுகள் கோலோச்சியது.

ஒரு துண்டுக் கம்பி

1966 இறுதியில் கடற்படை அவரை ஓய்வுபெறச் செய்தது. ஏழு மாதங்கள் கழித்து, கணினி மொழிகளை ஒழுங்குபடுத்த ஆறு மாத காலத்துக்கு வரும்படி திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகளாக நீண்டது. 1986 ஓகஸ்ற் 14ஆம் திகதி, 79ஆவது வயதில், பொஸ்ரன் துறைமுகத்தில் கொன்ஸ்ரிற்றியூசன் என்ற பழம்பெரும் கப்பலில் வைத்து றியர் அட்மிரலாக விடைபெற்றார். பூட்டனாரின் பதவியைப் பூட்டப்பிள்ளை எட்டிப்பிடித்தார்.

அந்த ஆண்டுகளில் அவர் ஓயாமல் விரிவுரை செய்தார். கைப்பையில் கம்பித் துண்டுகளை வைத்திருப்பார். ஒவ்வொன்றும் ஓரடிக்குச் சற்றுக் குறைவு, ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர். நனோசெக்கன் என்றால் என்ன என்று கேட்பவரிடம் ஒரு துண்டைக் கொடுப்பார். ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கில் மின்சமிக்ஞை செல்லக்கூடிய உச்சத் தூரம் அது. மைக்றோசெக்கனுக்கு 300 மீற்றர் நீளச் சுருளைத் தூக்கிக் காட்டுவார். செய்மதி வழியாகச் செய்தி அனுப்ப ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கும் பெரிய அதிகாரிகளுக்கும், நேரத்தை வீணாக்கும் நிரலாளர்களுக்கும் அந்தக் கம்பி ஒன்றே பாடம். கணினிகள் ஏன் சிறிதாகிக்கொண்டே போகவேண்டும் என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

அவருடைய அலுவலகச் சுவரில் எதிர்ப்புறமாக ஓடும் மணிக்கூடு ஒன்று தொங்கியது. வழமை என்பதற்காக ஒன்றைச் செய்யாதே என்று வருவோருக்கு நினைவூட்ட அதை வைத்திருந்தார். கழற்றிப் பார்த்த சிறுமி முதுமையிலும் மணிக்கூட்டை விடவில்லை.

1992 ஜனவரி முதலாம் திகதி, 85ஆவது வயதில் உறக்கத்திலேயே காலமானார். ஆர்லிங்ரன் தேசிய மயானத்தில் கடற்படை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். போர்க்கப்பல் ஒன்றும் யேல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளன. 2016இல் அமெரிக்காவின் அதியுயர் குடிமக்கள் விருது அவருக்குக் காலங்கடந்து வழங்கப்பட்டது.

எமது பிள்ளைகளுக்கு

ஹொப்பர் அம்மையார் பொறியை மனிதரின் மொழிக்குக் கொண்டுவந்தவர். அதைச் செய்ய முடிந்தது அவர் துளையிலிருந்து தொடங்கியதால்தான். எந்த இடத்தில் எந்தத் துளை என்று கையால் எண்ணியவருக்கே, அந்த எண்ணும் வேலையைப் பொறியிடம் ஒப்படைக்கும் வழி தெரிந்தது. இப்போது கேட்டதை எழுதித்தரும் கணினிகள் வந்துவிட்டன. பிற்களும் பதிவகங்களும் அசெம்பிளியும் இனி எதற்கு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவை எழுதித்தருவது சரியா, எங்கே பிழை, எதற்காக அந்தக் கணக்கு என்று கேட்க வல்லவர்கள் கீழ்ப்படியை அறிந்தவர்களே.

பொறியியற் பீடத்துக்குப் போகும் எமது தங்கைமாரும் மகள்மாரும் பேத்திமாரும் முதல் வாரத்தில் ஒன்றைச் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒரு வெற்றுக் கடதாசியை எடுத்து, தம் பெயரின் முதலெழுத்துக்கு உரிய எண்ணைத் தேடி, அதைத் துவிதத்தில் கையால் எழுதிப் பார்க்கட்டும். பிறகு அதை மும்மூன்றாகப் பிரித்து எண்மத்தில் எழுதட்டும். அதன் பிறகு எடு, கணி, வை என்ற மூன்று வரி நிரலை அறை வரைந்து ஓட்டிப் பார்க்கட்டும். அரை மணித்தியாலம் போதும். விரிவுரையில் ஆங்கிலச் சொல் ஒன்று விளங்காமற் போனால் பக்கத்திலிருப்பவரிடம் கேட்கலாம். கடதாசியில் உள்ள ஒன்றும் சுழியமும் எந்த மொழியாலும் எவரும் தட்டிப் பறிக்க முடியாதவை.